ஒன்பது முறை திரும்பி வந்தவன்

அழுதேன், தோழர்களே! வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன், ஆயினும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். எதையும் உரசிப் பார்க்கும் உள்ளம் உடையவன், எவர் சொன்னாலும் ஏன் என்று கேட்கும் நாவுடையவன் என்று என்னைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணமெல்லாம், இரண்டு மணி இருபத்து நான்கு நிமிடம் ஓடிய ஒரு படத்தின் முன்னே உருகி ஓடிற்று.

அது ஜப்பானியப் படம். பெயர் 'எயென் நோ ஜெரோ'. 'என்றும் அழியாத ஜீரோ' என்று தமிழில் சொல்லலாம். ஹ்யாகுதா நவோகி 2006-ல் எழுதிய புதினத்தை, யமசாகி தகாஷி என்னும் இயக்குநர் படமாக்கினார். 2013 டிசம்பர் 21-ல் அது வெளிவந்தது. ஜீரோ என்பது இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியக் கடற்படை ஏவிய போர் விமானத்தின் பெயர். படிப்பகத்தின் வெள்ளைச் சுவரிலே அந்தப் படத்தை ஓட்டினோம். இளைஞர்கள் பத்துப் பதினைவர் இருந்தனர். படம் முடிந்து விளக்கு எரிந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். பக்கத்தில் இருந்தவன் கல்லூரி மாணவன், நல்ல படிப்பாளி, நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவன். சிவந்த கண்களோடு என்னை நோக்கிச் சொன்னான்: "அண்ணே, செத்தால் இப்படிச் சாகவேண்டும்!"

சுருக்கென்றது. என் கண்ணீர் அந்தக் கணமே வற்றிற்று. என்னை அழவைத்த அதே கை, இவனுக்குச் சாவின்மீது ஆசை ஊட்டியிருக்கிறது! அன்று அவனுக்கு விடை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அழுத கண்ணோடு அறிவுரை கூறுவது எப்படி? அன்று சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2004-ஆம் ஆண்டு. கென்டாரோ என்னும் இளைஞன், சட்டத் தேர்விலே மீண்டும் மீண்டும் தோற்றுச் சோர்ந்து கிடக்கிறான். பாட்டி இறந்த பிறகே அவனுக்கு ஓர் உண்மை தெரிகிறது. இதுவரை தாத்தா என்று அழைத்துவந்த பெரியவர், தன் தாயைப் பெற்றவர் அல்லர். பெற்றவன் மியாபே கியூசோ என்னும் ஜீரோ விமானி. போரின் கடைசியில், தற்கொலைத் தாக்குதலுக்குச் சென்று மாண்டவன். அக்காளும் தம்பியும் அந்த மியாபேயை அறிந்த முதியவர்களைத் தேடிச் செல்கின்றனர். முதலில் கேட்கும் சொல் என்ன? "கோழை!" மியாபே சண்டையில் ஒதுங்கினானாம், உயிருக்கு அஞ்சினானாம். தேடத் தேட வேறொரு மனிதன் தோன்றுகிறான். அவன் தேர்ந்த விமானி. மனைவியிடமும் மகளிடமும் திரும்பி வருவேன் என்று வாக்களித்தவன். அந்த வாக்குக்காகவே உயிரைக் காத்தவன். தன்னிடம் பயின்ற மாணவர்கள் சாவுக்கு அனுப்பப்படுவதைப் பார்த்துப் பார்த்து நொறுங்கிப் போகிறான். இறுதியில் தானே அந்தச் சாவுக்குப் புறப்படுகிறான். புறப்படும் நேரத்தில், கோளாறுள்ள தன் விமானத்தை ஓய்ஷி என்னும் இளைஞனுக்கு மாற்றிக் கொடுக்கிறான். ஓய்ஷி வழியிலே இறங்கிப் பிழைக்கிறான். மியாபேயின் மனைவியையும் மகளையும் பின்னர்க் காக்கிறான். அந்த ஓய்ஷியே, கென்டாரோ தாத்தா என்றழைத்த பெரியவர்.

கல்லும் கரையும் கதை! ஆயினும் இரவெல்லாம் எண்ணிப் பார்த்தபோது, கதையின் அடியிலே ஒளிந்திருந்த கணக்கு எனக்குப் புலனாயிற்று. "வாழவேண்டும்" என்று சொன்ன வரையில் மியாபே கோழை. விமானத்தோடு கப்பலை நோக்கிப் பாய்ந்த பிறகே அவன் வீரன். வாழ விரும்பியவனைப் படம் மன்னிக்கிறது, மறுக்கவில்லை; ஆனால் எப்போது மன்னிக்கிறது? அவன் செத்த பிறகு! உயிர் அருமையானது என்று இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, அந்த அருமையான உயிரை யார் கேட்டார், எந்த உரிமையோடு கேட்டார் என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளாமலே திரையை மூடிவிடுகிறது.

அந்தக் கேள்வியை நாம் கேட்போம்.

ஜீரோ என்ற பெயரிலிருந்தே தொடங்கலாம். 1940-ல் கடற்படை ஏற்றுக்கொண்ட விமானம் அது. ஜப்பானிய அரசின் கணக்கில் அது 2600-ஆம் ஆண்டு. அதன் கடைசி எண் சுழி. ஆகவே ஜீரோ! 2600 எங்கிருந்து வந்தது? கி.மு. 660-ல், கதிரவப் பெண்தெய்வத்தின் வழித்தோன்றலாகிய ஜிம்மு என்னும் முதற் சக்கரவர்த்தி அரியணை ஏறினான் என்ற புராணத்திலிருந்து வந்தது. எஃகையும் அலுமினியத்தையும் எரிபொருளையும் கணக்கிட்டுக் கட்டிய பொறிக்குப் பெயர் சூட்டியது புராணப் புளுகு! அந்தப் புளுகை ஐயுற்ற அறிஞர் ஒருவரும் அந்நாட்டில் இருந்தார். அவர் பெயர் த்சுதா சோகிச்சி. வசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர். பண்டைச் சக்கரவர்த்திகளின் கதைகள் வரலாறு ஆகா என்று ஆராய்ந்து எழுதினார். அதே 1940-ல் அவருடைய நூல்கள் தடை செய்யப்பட்டன, பதவி போயிற்று, 1942-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. விமானம் பறந்தது, வினா சிறைப்பட்டது. அந்நாட்டின் அழிவு அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன்.

இன்னொரு காட்சியும் என் நினைவை விட்டு அகலவில்லை. இது படத்தில் வந்ததன்று, வரலாற்றில் வந்தது. ஜீரோவை வரைந்து படைத்தவர் ஹொரிகோஷி ஜிரோ என்னும் பொறியியலாளர். உலகமே வியந்த அந்த விமானத்தை நகோயாத் தொழிற்சாலையிலிருந்து காகாமிகஹாரா விமானத்திடலுக்குக் கொண்டு சென்றது எது தெரியுமா? மாட்டுவண்டி! 50 கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த வழியை, கரடுமுரடான சாலையில் அதன் உறுப்புகள் குலுங்கி உடைந்துவிடக்கூடாதே என்று, மாடுகள் இரவெல்லாம் மெல்ல மெல்ல இழுத்துச் சென்றன. மாட்டுவண்டியை நான் பழிக்கவில்லை. அது செய்த வேலை நல்ல வேலை. நான் சொல்வது வேறு. விமானம் இருபதாம் நூற்றாண்டில் இருந்தது. சாலை முந்தைய நூற்றாண்டில் இருந்தது. ஆண்டவர்களின் சிந்தையோ கி.மு. 660-லேயே நின்றுவிட்டது.

அந்தப் பொறியிலும் ஒரு செய்தி உண்டு. வேகமாய்த் திரும்பவும் நெடுந்தொலைவு பறக்கவும் வேண்டுமென்று எடையைக் குறைத்தார்கள், குறைத்தார்கள், குறைத்துக்கொண்டே போனார்கள். விமானியைக் காக்கும் கவசத்தகடு இல்லை. குண்டு துளைத்தால் தானே மூடிக்கொள்ளும் எரிபொருள் தொட்டி இல்லை. எதிரியின் விமானிகளுக்கு அவை இருந்தன. எடைக் கணக்கிலே முதலில் கழிக்கப்பட்டது மனித உயிர்! விமானத்தையே குண்டாக்கி, விமானியை அதன் உறுப்பாக்கிய 1944-ஆம் ஆண்டுக்கு, 1940-லேயே வழி வெட்டியாயிற்று.

1944 அக்டோபர் 19. பிலிப்பைன்சில் மபலகாட் என்னும் ஊர். துணைத் தளபதி ஓனிஷி தகிஜிரோ, ஜீரோவிலே 250 கிலோ குண்டைக் கட்டி எதிரிக் கப்பலின் மீது மோதுவதே வழி என்றார். அந்தப் படைக்குச் சூட்டிய பெயர் 'தெய்வக் காற்று'. 1274-லும் 1281-லும் படையெடுத்து வந்த மங்கோலியரின் கப்பல்களைப் புயல் சிதறடித்தது. கடலிலே எழுந்த புயலைக் கடவுள் அனுப்பினார் என்றனர் பூசாரிகள். ஆறரை நூற்றாண்டுக்குப் பிறகு, வராத கடவுளுக்குப் பதிலாக வாலிபர்களை அனுப்பினர்! இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. அதே ஆண்டு டிசம்பர் 18-ல், அமெரிக்கக் கப்பற்படையை உண்மையாகவே ஒரு பெரும்புயல் தாக்கியது. மூன்று போர்க்கப்பல்கள் கவிழ்ந்தன. ஏறத்தாழ 800 மாலுமிகள் மாண்டனர். தெய்வக் காற்று வந்தே விட்டது! பயன் என்ன? படை திரும்பவில்லை, போர் நிற்கவில்லை. காற்றுக்குக் கட்சி கிடையாது, தோழர்களே!

1944 அக்டோபர் 25-ல் முதற்படையை நடத்திச் சென்றவன் செகி யுகியோ, வயது 23, புதிதாய் மணமானவன். சக்கரவர்த்திக்காக அன்று, தன் மனைவிக்காகவே செல்வதாகவும், தன்னைப் போன்ற தேர்ந்த விமானியைச் சாகடிக்கும் நாட்டுக்கு எதிர்காலம் இல்லை என்றும் அவன் செய்தியாளர் ஒருவரிடம் சொன்னதாக வரலாறு கூறுகிறது. செத்த பிறகு அவனைப் 'போர்க்கடவுள்' ஆக்கினர். உயிரோடிருந்தபோது அவன் சொன்னதைக் கேட்க ஆளில்லை. செத்தபின் அவனைக் கும்பிட ஊரே திரண்டது! கடவுள் உண்டாக்கப்படும் முறை எந்த நாட்டிலும் இதுதான் போலும்.

அவனுக்குப் பின் சென்றவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். பதினேழு வயதுச் சிறுவரும் அவர்களுள் இருந்தனர். 1943 அக்டோபர் 21-ல், கொட்டும் மழையில், டோக்கியோவின் மெய்ஜி விளையாட்டுத் திடலில் மாணவர்களை அணிவகுக்கச் செய்து போருக்கு வழியனுப்பினார்கள். பொறியியலும் அறிவியலும் பயின்றோருக்கு விலக்கு. இலக்கியமும் சட்டமும் பொருளாதாரமும் பயின்றோருக்குத் துப்பாக்கி. அவர்களிலிருந்தே பின்னர்த் தெய்வக் காற்றுக்கும் ஆள் எடுத்தனர். "அவர்கள் தாமாக முன்வந்தவர்கள்" என்பார்கள். எப்படி முன்வந்தனர்? பல படைப்பிரிவுகளில் தாள் ஒன்றைக் கொடுத்து, 'மிக விரும்புகிறேன், விரும்புகிறேன், விரும்பவில்லை' என மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொன்னார்கள். மேலதிகாரி படிக்கப்போகும் தாள்! ஊர் அறியப்போகும் விடை! 'விரும்பவில்லை' என்றெழுத அங்கே எத்தனை கைக்குத் துணிவு வரும்?

உயேஹாரா ரியோஜி என்ற பெயரை நீங்கள் நினைவில் வைக்கவேண்டும். கெயோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவன். 1945 மே 11-ல், சிரான் தளத்திலிருந்து பறந்து மாண்டான், வயது 22. புறப்படும் முன்னிரவு அவன் எழுதி வைத்த குறிப்பு, மாண்ட மாணவர்களின் கடிதங்களைத் தொகுத்து 1949-ல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலே இடம் பெற்றது. தன்னை உரிமை விரும்பி என்றே அவன் அழைத்துக்கொண்டான். கொடுங்கோலாட்சி ஒருகாலம் செழித்தாலும் இறுதியில் வீழ்ந்தே தீரும் என்றும், இத்தாலியும் ஜெர்மனியும் அதற்குச் சான்று என்றும் எழுதினான். விமானத்தில் அமரும் விமானி ஒரு பொறியே. அவனுக்கு உணர்ச்சியும் இல்லை, சிந்தனையும் இல்லை என்றும் எழுதினான். அறியாமையால் செத்தவன் அல்லன் அவன். எல்லாம் அறிந்தும் வெளியேற வழியின்றிச் செத்தவன். அவன் ஏறிய விமானம் சிரானிலிருந்து எழுந்தது; அந்தத் தளத்தில்தான், பள்ளிச் சிறுமியரை வரிசையாய் நிறுத்தி, செர்ரிப் பூங்கிளைகளை ஆட்டி வழியனுப்பச் செய்தார்கள். பூவை ஆட்டிய கைகளுக்கும் வயது பதினான்கு, பதினைந்து!

சாகச் சொன்னவர்கள் என்ன ஆனார்கள்? ஓனிஷி, போர் முடிந்த மறுநாளே தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு இறந்தார். அனுப்பியதற்கு விலை கொடுத்தவர் அவர் ஒருவர் என்று சொல்லலாம். உகாகி மட்டோமே என்ற இன்னொரு துணைத் தளபதி, 1945 ஆகஸ்டு 15-ல் சக்கரவர்த்தியின் சரணாகதிச் செய்தியை வானொலியில் கேட்ட பிறகு, பதினொரு விமானங்களோடு கடைசித் தாக்குதலுக்குக் கிளம்பினார். முடிந்துபோன போருக்கு, பிழைத்திருந்த இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு போனார்! தொமினாகா கியோஜி பிலிப்பைன்சில் தரைப்படையின் விமானப் பிரிவுக்குத் தலைவர். "நீங்கள் முன்னே செல்லுங்கள், கடைசி விமானத்தில் நான் வருவேன்" என்ற பொருள்பட ஒவ்வோர் அணிக்கும் வீரவுரை ஆற்றியவர். 1945 ஜனவரியில் எதிரி நெருங்கியதும் அவரும் விமானம் ஏறினார், ஆம், தைவானுக்கு! அவர் 1960 வரை வாழ்ந்தார்.

தொமினாகாவின் படையிலேதான் நான் சொல்லவந்த மனிதன் இருந்தான். சசாகி தோமோஜி, ஹொக்கைடோவில் பிறந்த எளிய குடும்பத்துப் பிள்ளை, சிறு பதவி, வயது 21. அவனுடைய அணித்தலைவர் இவாமோட்டோ மசுமி, குண்டு போடுவதிலே தேர்ந்தவர். குண்டைக் கழற்ற முடியாதபடி விமானத்தோடு பிணைத்திருப்பதைக் கண்டு, குண்டை மட்டும் போட்டுவிட்டுத் திரும்ப வழிசெய்து விமானங்களை மாற்றியமைத்தார். கப்பலைத் தாக்குவதுதானே வேலை? அதைச் செய்துவிட்டு வாருங்கள். மீண்டும் மீண்டும் தாக்குவோம் என்பதே அவர் கருத்து. அந்த அறிவாளியை மேலிடத்து அழைப்பு விருந்துக்கென்று மணிலாவுக்கு இழுத்தது. வழியிலே எதிரி விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின.

சசாகி அவர் சொன்னதை மறக்கவில்லை. 1944 நவம்பர் 12-ல் புறப்பட்டான், குண்டைப் போட்டான், வேறொரு தளத்தில் உயிரோடு இறங்கினான். தலைமையகமோ அவன் போர்க்கப்பலை மூழ்கடித்து மாண்டதாக நாடெங்கும் அறிவித்துவிட்டது. செய்தி சக்கரவர்த்தியின் செவிவரை போய்விட்டது. ஊரிலே அவனுக்கு இறுதிச் சடங்கும் நடந்துவிட்டது. செத்தவன் நடந்து வந்து நின்றால் மேலிடத்தார் மகிழ்ந்தார்களா? "அடுத்த முறை கட்டாயம் சாகவேண்டும்" என்றார்கள்! அறிக்கையைத் திருத்த மனமில்லை. ஆளைத் திருத்த முனைந்தார்கள். சசாகி அடுத்த முறையும் போனான், திரும்பினான். மீண்டும் அனுப்பினர், மீண்டும் திரும்பினான். ஒன்பது முறை புறப்பட்டான். ஒன்பது முறையும் திரும்பி வந்தான். 1946-ல் வீடு சேர்ந்தான். அவர் 2016-ல், தமது 92-ஆம் வயதில் மறைந்தார்.

தோழர்களே, இவன் கோழையா? ஒருமுறை சாவதற்கு ஒரு கணத்துத் துணிவு போதும். தளபதிகளின் ஏச்சுக்கும் தோழர்களின் பார்வைக்கும் நடுவே, ஒன்பது முறை உயிரோடு திரும்பி வந்து நிற்க எவ்வளவு துணிவு வேண்டும்! கடற்படையிலும் மினோபே தடாஷி என்ற இளம் அதிகாரி இருந்தார். மேலதிகாரிகள் நிறைந்த அவையிலே எழுந்து, தற்கொலைத் தாக்குதலை மறுத்துப் பேசினார். தம் படையை இரவுத் தாக்குதலுக்குப் பயிற்றி, அந்த வழியிலிருந்து விலக்கி வைத்தார். மியாபே கற்பனை, சசாகியும் மினோபேயும் உண்மை. கற்பனையில் வாழ விரும்பியவன் சாகவேண்டியதாயிற்று. அப்போதுதான் அரங்கம் அழும். உண்மையிலே வாழ விரும்பியவன் வாழ்ந்துகாட்டினான். அவனுக்காக அழ அந்தத் திரையில் இடம் இல்லை.

இன்னும் பலருக்கு இடம் இல்லை. ஜீரோ முதன்முதல் வானில் சண்டையிட்டது 1940 செப்டம்பர் 13-ல், சீனத்துச் சோங்கிங் நகரின்மேல். குண்டு வீச்சாளர்களுக்குக் காவலாக. கீழே எரிந்த வீடுகளில் இருந்தவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பின்மேலும், 9-ல் திருகோணமலையின்மேலும் அந்த ஜீரோக்கள் பறந்தன. அதே பேரரசு, மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளரை வாரிக்கொண்டு போய்ச் சயாம்–பர்மா இரயில் பாதையில் வேலை வாங்கிற்று. 415 கிலோமீட்டர் பாதையின் ஓரத்தில் பல்லாயிரவர் மாண்டனர். அவர்கள் எழுதிய கடிதம் எந்தக் காட்சிசாலையிலும் இல்லை; எழுதத் தெரியாதவர்கள் பலர். என் கண்ணீரை நானே எண்ணிப் பார்த்தேன். படம் காட்டியவருக்காக அழுதேன். காட்டாதவரை நினைக்கவே இல்லை. கண்ணீரும் ஒருபுறம் சாயும் தராசுதான் என்று அன்று கற்றேன்.

இந்தப் படம் எந்தக் காலத்தில் வந்தது என்பதையும் பாருங்கள். 2013 டிசம்பர் 21-ல் வெளியீடு. ஐந்தே நாளில், 26-ல், அன்றைய பிரதமர் ஷின்சோ அபே யாசுகுனிக் கோயிலுக்குச் சென்று வணங்கினார். சக்கரவர்த்திக்காகப் போரில் மாண்ட 24 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தெய்வமாக்கி வைத்திருக்கும் கோயில் அது. போருக்குக் காரணமான முதல்தரக் குற்றவாளிகள் பதினான்கு பேரையும் 1978-ல் அங்கே தெய்வமாக்கினர். ஏவியவனும் ஏவப்பட்டவனும் ஒரே பீடத்தில்! அவ்வாண்டின் கடைசி நாளில் பிரதமர் இந்தப் படத்தைப் பார்த்து, நெகிழ்ந்தேன் என்றார். 2014 பிப்ரவரியில், புதினத்தை எழுதிய ஹ்யாகுதா, நான்ஜிங் படுகொலை நடக்கவே இல்லை என்று தேர்தல் மேடையில் பேசினார். படத்துக்கு 2015-ல் அந்நாட்டின் தலைசிறந்த பட விருதும் கிடைத்தது. நாமும் நெகிழ்ந்தோம், அவர்களும் நெகிழ்ந்தார்கள். நெகிழ்ச்சி எந்தக் கோயில் வாசலில் கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பதே பகுத்தறிவாளன் வேலை.

தம்பி, இனி உனக்கு! நீ சொன்ன சொல் ஜப்பானியப் படத்திலிருந்து மட்டும் வந்ததன்று; நம் மேடைகளிலும் அது விளைந்ததுண்டு. 'உயிர் தருவோம்' என்று கைதட்டலுக்காகப் பேசியவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். 1964-லும் 1965-லும் தமிழுக்காகத் தீயிலே தம்மை இட்டுக்கொண்ட இளைஞர்களை எவரும் ஏவவில்லை. அவர்கள் பெயர் கேட்டால் இன்றும் என் தலை தாழ்கிறது. ஆயினும் உன்னிடம் மறைக்கமாட்டேன். அவர்கள் வாழ்ந்திருக்கவேண்டும் என்றே என் நெஞ்சு ஏங்குகிறது. வாழ்ந்திருந்தால் எத்தனை படிப்பகம் கட்டியிருப்பார்கள், எத்தனை பேருக்கு எழுத்தறிவித்திருப்பார்கள்!

மாண்ட விமானிகளை இகழாதே. அவர்கள் ஏய்க்கப்பட்ட பிள்ளைகள். அவர்களுக்காக அழு, நானும் அழுவேன். ஆனால் அழுத பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேள்: அனுப்பியவன் யார்? அவன் எங்கே இருந்தான்? அவன் பிள்ளை எங்கே இருந்தான்? இந்தக் கேள்வியை, எந்தக் கொடி பறக்கும் மேடையிலும் கேள். நம் கொடி பறக்கும் மேடையிலும் கேள்.

செத்தால் இப்படிச் சாகவேண்டும் என்றாய். நான் உனக்குச் சொல்வது ஒன்றே. அடுத்த ஞாயிறு படிப்பகத்துக்கு வா. அதற்கடுத்த ஞாயிறும் வா. சசாகி ஒன்பது முறை திரும்பி வந்தான். நீ ஒவ்வொரு முறையும் திரும்பி வா.